மருத்துவப் பிழைகளைக் குறைக்க அரசு எங்கே கை வைக்க வேண்டும்: தண்டனையிலா, அறிக்கையிலா, கொள்முதலிலா?

பொருநைக்கரை எழுதியது:

மத்திய சுகாதார அமைச்சகம் 2018 முதல் 2025 வரையிலான காலத்துக்கென்று தேசிய நோயாளர் பாதுகாப்புச் செயலாக்கக் கட்டமைப்பு என்ற ஆவணத்தை வெளியிட்டது. பிழைகளை அறிக்கையிடும் ஏற்பாடு, தொற்றுக் கட்டுப்பாடு, மருந்துப் பாதுகாப்பு, ஊழியர் பயிற்சி என்று நல்ல நோக்கங்கள் பலவும் அதில் எழுதப்பட்டிருக்கின்றன. ஆனால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்கும் தென்காசி, தூத்துக்குடி மருத்துவமனைகளுக்கும் போய்வருகிற நம்மில் எத்தனை பேர் அந்த ஆவணத்தின் பெயரையாவது கேட்டிருக்கிறோம்? அதனால்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

1999 இல் அமெரிக்காவின் மருத்துவக் கழகம் வெளியிட்ட அறிக்கை, அந்நாட்டு மருத்துவமனைகளில் தவிர்க்கக்கூடிய பிழைகளால் ஆண்டுக்கு 44,000 முதல் 98,000 பேர் வரை இறக்கிறார்கள் என்று மதிப்பிட்டது. அந்த எண்ணிக்கையைப் பற்றி இன்றுவரை சர்ச்சை உண்டு. எண்ணிக்கையைவிட அந்த அறிக்கையின் வாதமே முக்கியமானது: பெரும்பாலான பிழைகளுக்குக் காரணம் பொறுப்பற்ற மனிதர்கள் அல்லர், பொறுப்பான மனிதர்களையும் தவறச் செய்கிற வேலைமுறை. நம் ஊரில் நடப்பது வேறு. ஒரு சம்பவம் நடந்தவுடன் உறவினர் மறியல், வட்டாட்சியர் பேச்சுவார்த்தை, இருவர் பணியிடை நீக்கம், விசாரணைக் குழு என்று எல்லாம் ஒரு வாரத்துக்குள் நடந்து முடிகிறது. விசாரணைக் குழுவின் அறிக்கையை யாரும் பார்த்ததில்லை. பக்கத்து மருத்துவமனைகூடப் பார்த்திருக்காது.

2018 டிசம்பரில் சாத்தூரில் ஒரு கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி. தொற்றுள்ள ரத்தம் ஏற்றப்பட்டதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். ரத்தம் சிவகாசி அரசு ரத்த வங்கியிலிருந்து வந்தது. ரத்தம் கொடுத்த இளைஞர், வேறொரு பரிசோதனையில் தம் நிலையை அறிந்துகொண்டு, தாமாகவே வந்து தெரிவித்ததால்தான் விஷயம் வெளியே வந்தது. ஆய்வக ஊழியர்கள் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டது; அந்த இளைஞர் தம் உயிரையே மாய்த்துக்கொண்டார். உண்மையைச் சொல்ல முன்வந்தவருக்கு நம் அமைப்பில் என்ன பாதுகாப்பு இருந்தது என்ற கேள்விக்கு எனக்கு இதுவரை விடை கிடைக்கவில்லை.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். தண்டனையை அதிகரிப்பதால் பிழை குறைவதில்லை, மறைவுதான் அதிகரிக்கிறது. தமிழ்நாட்டு அரசின் கையில் இருக்கிற மிகப்பெரிய கருவி கொள்முதல். 1994 இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம்தான் அரசு மருத்துவமனைகள் அனைத்துக்கும் மருந்தும் கருவியும் வாங்கித் தருகிறது. பிழை செய்யவே முடியாத வடிவத்தில் பொருளை வாங்குவதற்கு அதனால் முடியும். மாற்றுக்கருத்து உள்ளவர்கள் எழுதுங்கள்.

பாளை வழக்கறிஞர் எழுதியது:

அண்ணாச்சியின் முதல் பாதியை ஏற்கிறேன். ‘தண்டனையால் பிழை குறைவதில்லை’ என்று ஒரே வரியில் முடித்ததை ஏற்க இயலவில்லை. முதலில், தண்டனை வேறு, இழப்பீடு வேறு. 1995 இல் இந்திய மருத்துவச் சங்கத்துக்கும் சாந்தா என்பவருக்கும் இடையிலான வழக்கில் உச்ச நீதிமன்றம், கட்டணம் பெற்று அளிக்கப்படும் மருத்துவ சேவையை நுகர்வோர் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. எல்லோருக்கும் முற்றிலும் இலவசமாகச் சிகிச்சை அளிக்கும் மருத்துவமனைகள் அதற்குள் வரவில்லை. ஆக, முக்கூடலில் பீடி சுற்றுகிற ஓர் அம்மாவுக்கு அரசு மருத்துவமனையில் தீங்கு நேர்ந்தால், அவருக்கு நுகர்வோர் ஆணையம் இல்லை. உரிமையியல் நீதிமன்றம், அல்லது உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ரிட் மனு, இவையே வழி. எந்த மருத்துவமனைக்குப் போவதற்கு மட்டுமே அவருக்கு வசதி இருக்கிறதோ, அந்த மருத்துவமனையில்தான் அவருக்கு எளிய நிவாரணம் இல்லை.

அடுத்தது குற்றவியல் சட்டம். 2005 இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில், மருத்துவரைக் குற்றவாளியாக்க வேண்டுமானால் சாதாரணக் கவனக்குறைவு போதாது, மிகக் கடுமையான கவனக்குறைவு இருக்க வேண்டும், அதற்கு முன் அத்துறை சார்ந்த வேறொரு மருத்துவரின் நடுநிலையான கருத்தைப் பெற வேண்டும் என்று நீதிமன்றம் வரையறுத்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 106 ஆவது பிரிவு, கவனக்குறைவால் மரணம் விளைவித்தவருக்கு ஐந்து ஆண்டுகள் வரை சிறை என்றும், மருத்துவச் செயல்முறையின்போது பதிவுபெற்ற மருத்துவர் அதைச் செய்திருந்தால் இரண்டு ஆண்டுகள் வரை சிறை என்றும் கூறுகிறது. பதிவுபெற்ற மருத்துவர் யார் என்பதற்கு அப்பிரிவிலேயே விளக்கம் உண்டு. செவிலியர் அந்த விளக்கத்துக்குள் வரமாட்டார். மருத்துவர் எழுதிய மருந்தை அவர் சொன்னபடியே செலுத்தியவருக்கு, எழுதியவரைவிடக் கூடுதல் தண்டனை வரக்கூடிய நிலை இது. இதைப் பற்றி யாரும் பேசுவதாகத் தெரியவில்லை.

ஓய்வுபெற்ற செவிலியர், அம்பை எழுதியது:

வழக்கறிஞர் தம்பி சொன்ன அந்தக் கடைசிச் செய்தியைப் படித்து அதிர்ச்சியடைந்தேன், ஆனால் ஆச்சரியப்படவில்லை.

வார்டில் பிழை எப்படிப் பிறக்கிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குகிறேன். இரவு டூட்டியில் ஒரு செவிலியரின் பொறுப்பில் நாற்பது, ஐம்பது கட்டில்கள் இருக்கும். எமர்ஜென்சி டிராயில் பொட்டாசியம் குளோரைடு ஆம்பியூலும், ஊசி மருந்தைக் கரைக்கப் பயன்படும் தண்ணீர் ஆம்பியூலும் அடுத்தடுத்த குழியில் கிடக்கும். இரண்டும் நிறமற்றவை, பல கம்பெனிச் சரக்கில் இரண்டும் ஒரே அளவு, ஒரே பிளாஸ்டிக், எழுத்தும் பொடி எழுத்து. ஆன்டிபயாடிக் பொடியைக் கரைக்கக் கை நீளும்போது, அந்தப் பக்கம் ஓர் அட்டெண்டர் “சிஸ்டர், டிரிப் ஏறலை” என்று கூப்பிடுவார். செறிவூட்டிய பொட்டாசியம் குளோரைடை நேரடியாக ரத்தக்குழாயில் செலுத்தினால் இதயம் நின்றுபோகும். அமெரிக்காவில் 1998 லேயே, இந்த ஆம்பியூல் வார்டு அலமாரியில் இருக்கவே கூடாது, மருந்தகத்தில் நீர்த்துத்தான் வார்டுக்கு வர வேண்டும் என்று மருத்துவமனைத் தரச்சான்று அமைப்பு எச்சரித்துவிட்டது. இங்கே அதற்கு ஒரு சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவதற்கே ஹெட் நர்ஸ் தம் கைக்காசில் ஸ்டிக்கர் வாங்க வேண்டும்.

இப்படி ஒன்று நடக்கவிருந்து கடைசி நொடியில் தப்பிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை எழுதிக் கொடுத்தால் என்ன கிடைக்கும்? மெமோ. விளக்கம் கேட்டுக் கடிதம். அடுத்த இடமாறுதல் கவுன்சிலிங்கில் வேண்டிய ஊர் கிடைக்காமல் போகலாம் என்ற பயம். எழுதாமல் விட்டால் எதுவும் நடக்காது. இந்த இரண்டையும் தட்டில் வைத்தால் எந்தப் பக்கம் தாழும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

ஆனால் தமிழ்நாட்டிலேயே இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. அதை நாம் போதுமான அளவு பேசுவதில்லை. பிரசவ மரணங்களைத் தணிக்கை செய்வது தேசிய வழிகாட்டுதலாக 2010 இல்தான் வந்தது. நம் மாநிலத்தில் அதற்கு வெகு முன்பே அந்த வேலை தொடங்கிவிட்டது. ஒரு தாய் இறந்தால், வீட்டில் எப்போது வலி கண்டது, 108 எப்போது வந்தது, எந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் எத்தனை மணி நேரம் வைத்திருந்தார்கள், ரத்தம் இருந்ததா, எங்கே ரெஃபர் செய்தார்கள் என்று மணிக்கணக்கில் வரிசைப்படுத்திப் பார்ப்பார்கள். மாவட்ட ஆட்சியர் நடத்தும் ஆய்வுக்கு இறந்தவரின் உறவினரும் அழைக்கப்படுவர். யாரைக் குற்றம்சாட்டலாம் என்பதைவிட எந்தத் தாமதம் கொன்றது என்பதே அங்கே கேள்வி. அந்தக் கூட்டத்திலும் சில அதிகாரிகள் கத்துவார்கள் என்பது வேறு விஷயம். 2018–20 கணக்கெடுப்பில் லட்சம் உயிர்ப்பிறப்புகளுக்கு நாடு முழுவதும் 97 தாய்மார் இறந்தபோது, தமிழ்நாட்டில் அது 54 ஆக இருந்தது. எல்லாப் பெருமையும் தணிக்கைக்கே என்று சொல்ல மாட்டேன். சாலையும் ரத்த வங்கியும் செவிலியர் நியமனமும் அதில் பங்குபெற்றன. ஆனாலும், பிரசவத்துக்குச் செய்ததை மருந்துப் பிழைக்கும் அறுவைச் சிகிச்சைக்கும் ஏன் செய்யக்கூடாது?

ஹவுஸ் சர்ஜன் எழுதியது:

அறுவைச் சிகிச்சை என்றதால் எழுதுகிறேன். உலக சுகாதார நிறுவனத்தின் 19 அம்சச் சரிபார்ப்புப் பட்டியலைப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். மயக்க மருந்துக்கு முன், கத்தி வைக்கும் முன், நோயாளி அறையை விட்டு வெளியேறும் முன் என்று மூன்று முறை நிறுத்தி, பெயர், இடம், ஒவ்வாமை, கருவிகளின் எண்ணிக்கை ஆகியவற்றை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். டெல்லி உட்பட எட்டு நகரங்களில் சோதித்து 2009 இல் வெளியான முடிவின்படி, இறப்பு 1.5 விழுக்காட்டிலிருந்து 0.8 ஆகவும், சிக்கல்கள் 11 விழுக்காட்டிலிருந்து 7 ஆகவும் குறைந்தன. உடனே உலகெங்கும் அரசுகள் இதைக் கட்டாயமாக்கின.

அதன் பிறகு நடந்ததுதான் கொள்கை வகுப்பவர்கள் படிக்க வேண்டிய பகுதி. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் அரசு ஆணையின்படி ஏறக்குறைய எல்லா மருத்துவமனைகளும் இப்பட்டியலை ஏற்றன. 98 விழுக்காட்டுக்கும் மேல் பின்பற்றுவதாகக் கணக்கும் காட்டின. 101 மருத்துவமனைகளின் தரவை ஆராய்ந்து 2014 இல் வெளியான ஆய்வில், இறப்பிலோ சிக்கல்களிலோ குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் தென்படவில்லை. அதே தாள், அதே 19 அம்சம். ஓரிடத்தில் பயிற்சியோடும் குழுவின் ஒப்புதலோடும் வந்தது. மற்றோரிடத்தில் ஆணையாக வந்தது. மாலையில் கேஸ் ஷீட்டை முடிக்கும்போது மூன்று கட்டத்துக்கும் ஒரே பேனாவால் டிக் அடிப்பதை நம் பக்கத்திலும் பார்த்திருக்கிறேன். ஆகவே ‘கட்டாயமாக்க வேண்டும்’ என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குச் சந்தேகம் வந்துவிடுகிறது. தலைமை மருத்துவர் தவறான பக்கத்தில் கத்தியை வைக்கப்போகும்போது “சார், இது வலது பக்கம்” என்று ஒரு தியேட்டர் உதவியாளரால் சொல்ல முடிகிறதா என்பதுதான் தேர்வு. அதை எந்த அரசாணையும் உண்டாக்கிவிடாது.

மருந்துக்கடை, சங்கரன்கோவில் எழுதியது:

இதுவரை ஆஸ்பத்திரிக்குள்ளேயே பேசிக்கொண்டிருக்கிறோம். பிழையில் பெரும்பங்கு கவுண்டரிலும் வீட்டிலும் நடக்கிறது என்பது என் அனுபவம்.

இன்சுலினை எடுத்துக்கொள்ளுங்கள். நம் நாட்டில் குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட் செறிவுள்ளது. அதற்கு சிவப்பு மூடி சிரிஞ்ச். பேனாவில் போடுவது 100 யூனிட் செறிவு; அந்தச் செறிவுக்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்சும் கடையில் இருக்கிறது. 40 செறிவுக் குப்பியிலிருந்து ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 20 என்ற கோடு வரை இழுத்தால் உடம்புக்குள் போவது 8 யூனிட்தான். 100 செறிவு மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 வரை இழுத்தால் 50 யூனிட் போய்விடும். அது ஆளைச் சாய்த்துவிடும். கண் மங்கிய சர்க்கரை நோயாளியிடம் மூடியின் நிறத்தைப் பார்த்துப் போடுங்கள் என்கிறோம். பிரிட்டன் 1983 இல் நாடு முழுவதையும் 100 யூனிட்டுக்கு மாற்றி இந்தக் குழப்பத்தையே ஒழித்தது. பொருநைக்கரை அண்ணாச்சி சொல்லும் கொள்முதல் வாதத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

பெயர்க்குழப்பம் இன்னொன்று. ஃபால்சிகோ, ஃபால்சிடாப் என்ற இரண்டு மலேரியா மருந்துகளின் பெயரைப் பற்றிய வழக்கில் 2001 இல் உச்ச நீதிமன்றம், மற்றப் பொருள்களைவிட மருந்துப் பெயரில் ஒற்றுமையைக் கடுமையாகப் பார்க்க வேண்டும், ஏனெனில் மாறிப்போனால் உயிர்ச்சேதம் நேரும் என்றது. 2016 இல் மருத்துவக் கவுன்சில், மருந்தின் மூலப்பெயரைத் தெளிவாகவும் இயன்றவரை ஆங்கில கேப்பிட்டல் எழுத்திலும் எழுத வேண்டும் என்று விதியைத் திருத்தியது. தீர்ப்பும் இருக்கிறது, விதியும் இருக்கிறது. சீட்டு மட்டும் பழைய சீட்டாகவே வருகிறது. சந்தேகம் வந்தால் கூப்பிட்டுக் கேட்கலாம் என்றால், சீட்டில் இருக்கிற எண்ணுக்கு அழைத்தால் ரிசப்ஷனில் எடுப்பார்கள். டாக்டர் ஆபரேஷனில் இருப்பதாகச் சொல்வார்கள்.

மூட்டுவாதத்துக்கு வாரத்துக்கு ஒருமுறை மட்டும் போட வேண்டிய மெத்தோட்ரெக்சேட் மாத்திரையைத் தினமும் போட்டு, வாயெல்லாம் புண்ணாகி, ரத்த அணுக்கள் குறைந்துபோனவர்கள் உலகெங்கும் உண்டு. நான் அட்டையில் ‘ஞாயிறு மட்டும்’ என்று பேனாவால் எழுதித்தான் கொடுப்பேன். இதை அட்டையிலேயே அச்சிடச் சொல்வதற்கு ஓர் அரசுக்கு எவ்வளவு செலவாகும்?

கடையத்திலிருந்து ஒரு வாசகி எழுதியது:

நான் மருத்துவத்துறையைச் சேர்ந்தவள் அல்லள். என் மாமனாருக்குச் சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் உண்டு. மாதந்தோறும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை வந்துவிடும். காலில் புண் வந்து ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். வீட்டுக்கு அனுப்பும்போது அவர்கள் புதிய மாத்திரைகள் எழுதினார்கள். ஏற்கெனவே என்ன சாப்பிடுகிறார் என்று யாரும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்த மாத்திரையிலும் அவர்கள் தந்த கூட்டு மாத்திரையிலும் கிளிமிபிரைடு என்ற ஒரே சர்க்கரை மருந்து இருந்தது. பெயர் வேறு, நிறம் வேறு, அட்டை வேறு. இரண்டையும் சாப்பிட்டார். ஓர் அதிகாலையில் வியர்த்துக் கொட்டி, பேச்சுக் குழறி, பக்கவாதம் என்று நினைத்து 108 ஐ அழைத்தோம். வண்டியில் வந்த தம்பி விரலில் குத்திப் பார்த்துவிட்டு, சர்க்கரை இறங்கிவிட்டது என்று உடனே குளுக்கோஸ் ஏற்றினார். பிழைத்துக்கொண்டார்.

அந்த மருத்துவமனையில் போய்க் கேட்டோம். “நீங்கள் சொல்லியிருக்க வேண்டும்” என்றார்கள். கேஸ் ஷீட்டின் நகல் கேட்டதற்கு, நிர்வாகம் முடிவு செய்யும் என்று இழுத்தடித்தார்கள். எங்களுக்குப் பணம் வேண்டாம். அடுத்தவருக்கு இப்படி நடக்காமல் இருக்க அவர்கள் எதை மாற்றினார்கள் என்று ஒரு வரி எழுதிக் கொடுத்திருந்தால் போதும். அதைக் கேட்பதற்கு ஓர் இடம் இருக்கிறதா?

பாளை வழக்கறிஞர் எழுதியது:

நகல் பற்றிய பகுதிக்கு மட்டும் உடனே பதில் தருகிறேன், மதினி. 2002 ஆம் ஆண்டின் மருத்துவ ஒழுக்க நெறி விதிகளின்படி, நோயாளியோ அவரால் அதிகாரம் அளிக்கப்பட்டவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைக் கொடுக்க வேண்டும். நிர்வாகம் முடிவு செய்வதற்கு அதில் எதுவும் இல்லை. எழுத்துமூலம் கேட்டு, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை வாங்குங்கள்.

‘எதை மாற்றினீர்கள்’ என்று கேட்கும் இடம் நம் சட்டத்தில் இல்லை. இங்கிலாந்தில் ஒரு மருத்துவமனையில் நடந்த பெரும் அலட்சியத்தைப் பற்றிய பொது விசாரணை 2013 இல் முடிந்தபின், 2014 நவம்பரிலிருந்து அரசு மருத்துவமனைகளுக்கு ஒரு சட்டக் கடமை விதிக்கப்பட்டது: சிகிச்சையில் தீங்கு நேர்ந்தால், நோயாளி கேட்காவிட்டாலும் நடந்ததைச் சொல்லி, வருத்தம் தெரிவித்து, விசாரணையின் முடிவை எழுத்தில் தர வேண்டும்.

தணிக்கையாளர், நான்குநேரி எழுதியது:

எல்லோரும் சட்டத்தையும் மனப்பான்மையையும் பேசுகிறீர்கள். பணத்தைப் பேசுங்கள். தனியார் மருத்துவமனைகளில் பல படுக்கைகள் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தால் நிரம்புகின்றன. வயிற்றுக்குள் துணியை வைத்துத் தைத்துவிட்டால், அதை எடுக்கும் இரண்டாவது ஆபரேஷனுக்குக் காப்பீடு பணம் தராது என்று ஒரு வரி சேர்த்தால், மறுநாளே துணியை எண்ணத் தொடங்கிவிடுவார்கள். அமெரிக்காவில் முதியோர் காப்பீடு 2008 அக்டோபரிலிருந்து இதைத்தான் செய்கிறது.

ஹவுஸ் சர்ஜன் எழுதியது:

அண்ணாச்சி, உள்ளே மறந்துவிட்ட துணி, மாறிய ரத்தப் பிரிவு ஆகியவற்றுக்கு அது பொருந்தும். மறைக்க முடியாதவை அவை. ஆனால் அதே விதி மருத்துவமனைத் தொற்றுக்கும் விதிக்கப்பட்டது. ரத்தக்குழாய்க் குழல் தொற்றும் சிறுநீர்க் குழல் தொற்றும் அந்த விதியால் குறைந்தனவா என்று பார்த்து 2012 இல் வெளியான ஆய்வு, அளவிடத்தக்க மாற்றம் எதையும் காணவில்லை. பணத்தை நிறுத்தினால், தொற்று உள்ளே வந்தபோதே இருந்தது என்று முதல்நாள் குறிப்பில் எழுதிவிட வழி உண்டு. நம் ஊரில் அந்த வழியைக் கண்டுபிடிக்க எத்தனை நாளாகும் என்று தணிக்கையாளராகிய தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

தணிக்கையாளர், நான்குநேரி எழுதியது:

ஒரு வாரம். ஆனாலும் துணிக்கும் ரத்தத்துக்கும் மட்டுமாவது அந்த விதி வேண்டும் என்பதில் உறுதியாக இருக்கிறேன்.

பொருநைக்கரை எழுதியது:

என் கொள்முதல் வாதத்துக்கு வருகிறேன். பக்கத்தில் நாகர்கோவில் ஆசாரிப்பள்ளத்தில் 2011 இல் குடும்பக் கட்டுப்பாட்டு அறுவைச் சிகிச்சைக்குச் சென்ற ஒரு பெண்ணுக்கு ஆக்சிஜனுக்குப் பதிலாக நைட்ரஸ் ஆக்சைடு சென்றது. நினைவு திரும்பாமலே கிடந்து அவர் இறந்தார். இழப்பீடு பெற அவர் கணவர் மதுரைக் கிளை வரை போக வேண்டியிருந்தது. கறுப்பு உடம்பும் வெள்ளைத் தோளும் உள்ள உருளை ஆக்சிஜன், நீலம் நைட்ரஸ் ஆக்சைடு என்பதை மயக்கவியல் படித்தவர் யாவரும் அறிவர். ஒரு வாயுவின் உருளை இன்னொன்றின் வாயில் பொருந்தாதபடி முளைகளின் இடத்தை மாற்றி அமைக்கும் முறையும் 1950களிலிருந்தே உலகில் இருக்கிறது. பொருந்தாத இணைப்பைப் பொருத்தி ஒப்பேற்றுகிற இடத்தில்தான் ஆபத்து நுழைகிறது. அங்கே ‘கவனமாக இருங்கள்’ என்ற சுற்றறிக்கையால் பயன் இல்லை. ஒப்பேற்ற முடியாத இணைப்பும், வாயில் செல்லும் காற்றில் ஆக்சிஜன் குறைந்தால் கத்துகிற கருவியும் வாங்கி வைப்பதே தீர்வு.

இங்கிலாந்தில் நாட்டிங்காமில் 2001 இல், ரத்தக்குழாயில் செலுத்த வேண்டிய வின்கிரிஸ்டின் என்ற புற்றுநோய் மருந்தை முதுகுத்தண்டில் செலுத்தியதால் 18 வயது இளைஞர் ஒருவர் இறந்தார். மருத்துவர் சிறைக்கும் சென்றார். அதற்கு முன்பும் அதே நாட்டில் அதே பிழையால் பலர் இறந்திருந்தனர், எச்சரிக்கைகளும் இருந்தன. அந்த மருந்தும் முதுகுத்தண்டில் செலுத்த வேண்டிய மருந்தும் ஒரே மாதிரி சிரிஞ்சில், ஒரே மாதிரி முனையோடு வந்ததுதான் அடிப்படை. பிற்பாடு வின்கிரிஸ்டினைச் சிரிஞ்சில் தராமல் சிறு பையில் கரைத்து டிரிப்பாக மட்டுமே தர வேண்டும் என்று ஆணையிட்டார்கள். பையை யாரும் முதுகில் ஏற்ற மாட்டார்கள். மருத்துவர் சிறை சென்றதைவிட அந்தப் பைதான் அடுத்த நோயாளியைக் காப்பாற்றுகிறது என்பேன்.

ஓய்வுபெற்ற செவிலியர், அம்பை எழுதியது:

கொள்முதலில் எனக்கு ஒரு பயம் உண்டு, அண்ணாச்சி. பாதி மாற்றம் முழுப் பிழையைவிட மோசம். புதிய வகை வருகிறது என்று அறிவிப்பார்கள். ஸ்டோரில் பழைய சரக்கு தீரும்வரை இரண்டும் சேர்ந்து வரும். மருத்துவக் கல்லூரிக்குப் புதியது, சேரன்மகாதேவிக்குப் பழையது என்று பிரியும். இரண்டு இடத்துக்கும் மாறி மாறி டூட்டி பார்ப்பவளுக்குக் கைப்பழக்கமே எதிரி. இன்சுலினை 40 இலிருந்து 100 க்கு மாற்றினால், ஒரே நாளில், தனியார் கடை உட்பட மாநிலம் முழுவதும் மாற வேண்டும். பழைய சிரிஞ்சைத் திரும்பப் பெற வேண்டும். இல்லாவிட்டால் மாற்றுகிற ஆறு மாதத்திலேயே ஆள்கள் விழுவார்கள்.

மேலும், எந்தப் பொருளை மாற்ற வேண்டும் என்று மருத்துவப் பணிகள் கழகத்துக்கு யார் சொல்வது? வார்டில் இருப்பவள்தான் சொல்ல முடியும். அவள் சொல்வதற்குத்தான் பயம் என்று முதலிலேயே எழுதினேன். ஆகவே கொள்முதல் முதல் படி அல்ல. டென்மார்க்கில் 2004 முதல் நடைமுறையில் உள்ள சட்டத்தின்படி, மருத்துவப் பணியாளர் பிழையை அறிக்கையிடுவது கட்டாயம். அந்த அறிக்கையை வைத்து அவர்மீது ஒழுங்கு நடவடிக்கையோ வழக்கோ தொடர முடியாது. கட்டாயமும் பாதுகாப்பும் ஒரே சட்டத்தில். நமக்கு அது முதலில் வேண்டும்.

பாளை வழக்கறிஞர் எழுதியது:

அம்மா சொல்லும் டென்மார்க் ஏற்பாட்டை ஆதரிக்கிறேன், ஒரு நிபந்தனையோடு. அறிக்கைக்குப் பாதுகாப்பு இருக்கலாம். கேஸ் ஷீட்டுக்கு இருக்கக்கூடாது. அறிக்கையில் எழுதிவிட்டோம் என்று சொல்லி மூல ஆவணத்தையே நோயாளிக்கு மறைக்கும் வழியாக அது மாறிவிடும். இன்னொன்று, வழக்கைத் தடுக்கும் சட்டம் வருமானால் இழப்பீட்டுக்கு வேறு வழி திறக்க வேண்டும். நியூசிலாந்தில் 1974 முதல், யார் தவறு என்று நிரூபிக்காமலே சிகிச்சையால் நேர்ந்த காயத்துக்கு அரசு நிதியிலிருந்து உதவி கிடைக்கிறது. அதில் தொகை பெரிதல்ல. ஆனால் முக்கூடல் அம்மா மதுரைக்குப் பேருந்து ஏற வேண்டியதில்லை.

மருந்துக்கடை, சங்கரன்கோவில் எழுதியது:

கடையம் சகோதரிக்கு ஒன்று சொல்ல விட்டுப்போனது. மருந்தின் பக்கவிளைவை நோயாளியோ வீட்டாரோ நேரடியாகத் தெரிவிக்க 1800-180-3024 என்ற இலவச எண் 2010 இல் தொடங்கிய இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தில் இருக்கிறது. அது பிழைக்கென்று ஏற்பட்டதல்ல, ஆனாலும் தெரிவியுங்கள். ஒரே மருந்து இரண்டு பெயரில் போனது அவர்கள் பதிவில் ஏறட்டும்.

பொருநைக்கரை எழுதியது:

எல்லோரும் எழுதியதை வைத்து ஒரு மனு தயாரிக்கிறேன். செவிலியர் அம்மாவின் வாதத்தை ஏற்று வரிசையை மாற்றியிருக்கிறேன். முதலாவது கோரிக்கை, அறிக்கையிடும் பணியாளருக்கு டென்மார்க்கைப் போன்ற சட்டப் பாதுகாப்பு, வழக்கறிஞர் சொன்ன நிபந்தனையுடன். அடுத்தது, பிரசவ மரணத் தணிக்கையின் முறையிலேயே மருந்துப் பிழையால் நேரும் மரணத்தையும் மாவட்ட அளவில் தணிக்கை செய்து, பெயர் நீக்கிய முடிவை மற்ற மருத்துவமனைகளுக்கு அனுப்புவது. பொட்டாசியம் குளோரைடை வார்டிலிருந்து அகற்றி, நீர்த்த நிலையில் மட்டும் வாங்குவது. துணி, மாறிய ரத்தம் ஆகிய இரண்டுக்கும் தணிக்கையாளரின் காப்பீட்டு விதி. இன்சுலின் மத்திய அரசின் பொறுப்பு என்பதால் தனிக் கடிதம்.

கடையம் சகோதரியின் வீட்டில் நடந்ததற்கென ஒன்று சேர்த்தேன். வீட்டுக்கு மாத்திரை கொண்டுவரும் மகளிர் சுகாதாரத் தன்னார்வலர், மருத்துவமனையிலிருந்து திரும்பியவர் வீட்டில் மட்டும், மாத்திரை டப்பாவைத் திறக்கச் சொல்லி, எல்லா அட்டைகளையும் படம் எடுத்து ஆரம்ப சுகாதார நிலைய மருந்தாளுநருக்கு அனுப்ப வேண்டும். இதற்குப் புதிய பணியிடமும் தேவையில்லை.

மருந்துக்கடை, சங்கரன்கோவில் எழுதியது:

படத்தில் அட்டையின் பின்பக்கம் தெரிய வேண்டும் என்று எழுதுங்கள். மூலப்பெயர் அங்கேதான் பொடி எழுத்தில் இருக்கும். கத்தரித்த பாதி அட்டையாக இருந்தால் பெயரே இராது. அப்போது சீட்டையும் சேர்த்து எடுக்க வேண்டும்.

பாளை வழக்கறிஞர் எழுதியது:

முதல் கோரிக்கை சட்டம் இயற்றுவது பற்றியது. அதை ஆட்சியரிடம் கொடுத்தால் ‘இவ்வலுவலகத்துக்கு அதிகாரம் இல்லை’ என்று திரும்பி வரும். அதைப் பிரித்து சட்டமன்ற மனுக்கள் குழுவுக்கு அனுப்புங்கள். தணிக்கையும் தன்னார்வலர் படமும் மாவட்ட அளவிலேயே முயன்று பார்க்கக் கூடியவை. அவற்றைத் திங்கள்கிழமை குறைதீர் நாளில் நேரில் கொடுப்போம். மனு எண் இடப்பட்ட ரசீதை வாங்காமல் வர வேண்டாம்.